தரை தொடாத லியனார்ட்

புனித அந்தோணியார் மீது ஆணையாக, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

செந்தூல் அடுக்குமாடியில் குடியிருக்கும் லியனார்டுக்கு, கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கிடங்கில் வேலை. மீசை நரைத்தும் இன்னும் சூப்பர்வைசர் ஆகவில்லை. அந்த இடம் காலியானபோது, அது நேற்று வேலைக்குச் சேர்ந்த கெல்வினுக்குப் போய்விட்டால் மனைவி டொரத்தியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்குத்தான் சம்பளம் ஏறுகிறதாம். டொரத்தி கைப்பேசியில் படித்துக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தொழிற்சாலை முற்றத்தில் பாட்டுப் போட்டு எல்லாரையும் ஆடவைப்பார்கள். செனாம்ரோபிக் என்று பெயர். மற்றவர்கள் பசியாற வாங்கப்போகும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை நினைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டுவார்கள். லியனார்ட் அதை வீட்டுக்கே கொண்டுபோனார். விடியலில் வரவேற்பறை அதிரக் குதித்தார். கீழ்வீட்டு இராஜம்மா படியேறி வந்து, தோசை மாவில் சுண்ணாம்பு உதிர்கிறது என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்து அவரே மறுபடி வந்தார்.

"என்னப்பா லியனார்ட், உடம்புக்கு முடியலயா? இப்பல்லாம் சத்தமே காணோம்."

"இப்பவும் குதிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன் ஆன்டி."

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். கால் தரையில் படவே இல்லை.

அந்த வாரம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் படுத்துவிட்டது. துறைமுகத்துக்குப் போகும் லோரி வாசலில் நிற்கிறது. சரக்கோ உச்சித் தட்டில். லியனார்ட் மூச்சை இழுத்துக்கொண்டு மெல்ல எழும்பினார். கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டார் போல. கூரைச் சன்னல் வழியே வெளியே வந்துவிட்டார். மேகம் ஈரத்துணி மாதிரி கன்னத்தில் ஒட்டியது. கீழே கிள்ளான் ஆறு தேத்தண்ணி நிறத்தில் சோம்பலாக நெளிந்தது. தூரத்தில் கப்பல்கள் தூங்கிக்கொண்டிருந்தன. அவருக்கும் கண் சொக்கியது. வேலை கிடக்கிறதே என்று இறங்கி வந்து, பெட்டிகளை இரண்டிரண்டாக அணைத்துக் கொடுத்தார்.

கெல்வின் அண்ணாந்து பார்த்தான். "அண்ணே, ஹெல்மெட் போடல லா."

மேலாளர் பிரையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். மறுவாரமே லியனார்ட் சூப்பர்வைசர். இவ்வளவு சுறுசுறுப்பான ஆளை இத்தனை காலம் கவனிக்காமல் விட்டோமே என்று கூட்டத்தில் பிரையன் வருத்தப்பட்டார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் முற்றமே கிடுகிடுக்கிறது. முதல் வரிசையில் கெல்வின், வேர்க்க விறுவிறுக்க.

பிரையன், டொரத்தியின் கூடப்பிறந்த தம்பி.