பனங்கட்டையும் நாலு முளையும்

எங்கள் பட்டறையில் மரத்தை அசையாமல் பிடிக்கிற சாமான் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது நான். பெயர் கனகலட்சுமி, எடை அறுபத்திரண்டு கிலோ. பலகையை அறுக்கும்போது அதன்மேல் உட்காருவேன். இழைக்கும்போது எதிர்முனையில் உள்ளங்காலைக் கொடுத்து முட்டிக்கொண்டிருப்பேன். பசை போட்டு ஒட்டினால், அது காயும்வரை மேலே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். பதினெட்டு வருஷமாக இதுதான் என் உத்தியோகம்.

என் வீட்டுக்காரர் காளீஸ்வரனுக்கு இதில் பெருமை வேறு. அக்காள்மடம் மெயின் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை போட்டு, கதவும் ஜன்னலும் செய்கிற ஆள். "மரத்தைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ் வாங்கிப் போடக் கூடாதா ஆசாரி?" என்று யாராவது கேட்டால் போதும். "அதெல்லாம் தெம்பத்த பயலுக வாங்குறது. எனக்குத்தான் கனகம் இருக்கால்ல" என்பார். கேட்டவனும் பல்லைக் காட்டிவிட்டுப் போவான். உளி பிடிக்கத் தெரியாத ஆள் இல்லை. தெரியும். ஆனால் அந்த மண்டையில் மட்டும் ஒரு ஆணி இறங்காது. "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுடி, பாரம் பத்தல" என்று பெண்டாட்டியிடம் சொல்கிற மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

போன வைகாசியில் பாம்பன் ஜெயசுதா வந்தாள். மண்டபத்தில் நண்டு உடைத்துச் சதை எடுக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. எனக்கும் ஒரு இடம் சொல்லி வைத்திருந்தாள்.

"திங்கக்கெழம காலையில ஏழு மணிக்கு வேன் இங்கன நிக்கும்க்கா. அன்னிக்கு ஏறலைன்னா வேற ஆளப் போட்டுருவாக. அப்பறம் என்னையக் கேக்காத."

எனக்கு அந்த வேலை வேண்டும். மரத்தூளைத் தும்மாமல் நாலு பெண்களோடு உட்கார்ந்து ஒரு நாளாவது பேசிச் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான். அவரிடம் சொன்னேன்.

"போயேன்" என்றார். "மரத்த ஒங்கப்பனா வந்து பிடிப்பாரு?"

செத்துப்போன என் அய்யாவை இழுத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அய்யா வரமாட்டார், நானே ஒரு வழி பண்ணுகிறேன் என்று இறங்கினேன். கையில் ஐந்து நாள் இருந்தது.

கொல்லையில் பாதியாகப் பிளந்த பனங்கட்டை ஒன்று கிடந்தது. அதைப் புரட்டி இரண்டு கல்மேல் ஏற்றினேன். அவர் டீக்கடைக்குப் போன நேரம் ட்ரில் மெஷினை எடுத்து நாலு ஓட்டை போட்டு, கருவேல முளைகளை அடித்து இறக்கினேன், பக்கத்துக்கு இரண்டாக. நடுவில் மரத்தை வைத்து, முளைக்கும் மரத்துக்கும் இடையில் பக்கத்துக்கு ஒரு ஆப்பு. தட்டினால் இறுகும், திருப்பித் தட்டினால் விடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை. எங்கே ஆடுகிறது, எங்கே வழுக்குகிறது என்று பதினெட்டு வருஷம் பிட்டத்தாலேயே படித்தவள் நான்.

ஒட்டுப் பலகைக்குத்தான் ஒரு தப்புப் பண்ணினேன். பாம்பனில் மீன்பிடிப் படகுக்காரர்கள் கழித்துப்போடுகிற நைலான் கயிற்றைச் சுற்றி, குச்சி செருகி முறுக்கினேன். நனைந்தால் கயிறு இறுகும் என்று தண்ணீரையும் தெளித்தேன். அந்தச் சனியன் தளர்ந்துவிட்டது, ஒட்டு வாயைப் பிளந்தது. மனுஷன் சிரித்த சிரிப்பில் தகரமே அதிர்ந்தது.

"ஆடத் தெரியாதவளுக்கு அரங்கு ஒரு கேடா? போடி, போயி ஒலையப் பாரு."

மறுநாள் தேங்காய்நார்க் கயிறு கட்டி முறுக்கி நனைத்தேன். பலகையைக் கவ்விக்கொண்டது, இம்மி நகரவில்லை. அதற்கு மட்டும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

திங்கட்கிழமை ஆறரைக்கே கபீர் பாய் வந்துவிட்டார். வீடு கட்டுகிறார், நிலைக்காலில் துளை போட வேண்டும். பத்து மணி வேலையை வேண்டுமென்றே விடியலுக்கு இழுத்து வைத்திருந்தார் என் மகராசன். நான் சேலை மாற்றி, டிபன் டப்பாவோடு வாசலில் நின்றேன்.

"வந்து ஏறி ஒக்காரு" என்றார்.

"கட்டை கெடக்குல்ல. அதுல வைங்க."

"பொம்பள செஞ்ச தொட்டில்ல படுக்க என் மரம் என்ன பச்சப்புள்ளையா?"

இந்த வியாக்கியானத்தைச் சொல்லிவிட்டு, நிலைக்காலைத் தரையில் போட்டு, இடது காலால் மிதித்துக்கொண்டு உளியை வைத்தார். பாய் பார்க்கிறாரே, வீராப்பைக் காட்ட வேண்டாமா! கொட்டாப்புளியால் இரண்டாவது அடி விழுந்ததும் மரம் வழுக்கியது, உளி துள்ளியது. கால் பெருவிரல் ஓரத்தைச் சீவிவிட்டது.

"யா அல்லா!" என்று பாய் எழுந்துவிட்டார்.

ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது.

"மரம் சரியில்ல பாய்" என்றார் இவர். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி. வலி ஏறியதும் குரல் மாறியது. "கனகம்! எங்கடி போற? வந்து பிடிடி!"

நான் அதற்குள் ரோட்டைப் பார்த்து நாலு எட்டு வைத்திருந்தேன், பொய் சொல்லமாட்டேன். ஜெயசுதா வேனிலிருந்து கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தேன். பழைய துண்டைக் கிழித்து விரலை இறுக்கிக் கட்டினேன். ஆழமில்லை, அலட்டல்தான் ஆழம். அப்புறம் நிலைக்காலைத் தூக்கிக் கட்டையில் முளைகளுக்கு நடுவே கிடத்தி, இரண்டு ஆப்பையும் தட்டினேன். பிடித்து உலுக்கினேன். ஆடவில்லை.

"பாய், மரத்துக்கு இனிமே ஆள் தேவையில்ல" என்றேன். "இவரத்தான் யாராச்சும் பிடிச்சுக்கணும். அது ஒங்க பாடு."

ஓடிப்போய் வேனில் ஏறிவிட்டேன்.

சாயங்காலம் நண்டு வாடையோடு வந்து இறங்கினேன். அவர் கட்டைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு வழிப்போக்கனிடம், "நம்ம ஐடியாதான், ரொம்ப நாளா மனசுல ஓடுனது" என்று அளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உளியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் மரத்தைப் பார்த்தேன். நான் மேலே உட்கார்ந்திருந்த காலத்தில் இரண்டு நாள் ஆகிற வேலை, ஆறு துளைகள், ஒரே நாளில் முடிந்திருந்தன. ஒன்றுகூடக் கோணல் இல்லை. அவர் அடித்த தம்பட்டம் எனக்கு உறைக்கவில்லை, அந்தத் துளைகள்தான் வயிற்றெரிச்சலைக் கிளப்பின. இத்தனை வருஷம் நான் பார்த்த வேலைக்கு நாலு முளையும் இரண்டு ஆப்பும் போதுமாக இருந்திருக்கிறது.

"நாளைக்கும் வேன் வருமா?" என்று கேட்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

"வரும்."

"அப்ப இன்னும் நாலு ஆப்பு சீவி வச்சுட்டுப் போ."

"நீங்களே சீவுங்க" என்றேன். "பிடிக்க ஆளில்லைன்னு மட்டும் சொல்லாதீங்க."