குணம் மாறினால்

என் புருஷன் உடையப்பன் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்து நான்கு நாளாகிறது. நான்கு நாளாக எனக்குத் தூக்கமில்லை.

சுதந்திரத்துக்கு ஐந்து வருஷம் முன்பு என்னைக் கட்டி ஆத்தூருக்குக் கூட்டிவந்தார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தை எங்கள் அடுப்படிச் சுவரே சொல்லும். புளிக் கறை, மஞ்சள் கறை, ஈயத் தட்டு பட்டுக் காரை பெயர்ந்த இடம். வெள்ளையடிப்பதையே நான் நிறுத்திவிட்டேன். என் அப்பா செத்ததற்குக்கூட வெங்காயக் காட்டை விட்டு வராத மனுஷன் அவர். போன தையில் அவர் தொடைச் சதைக்குள் தேங்காய் அளவுக்குக் கட்டி திரண்டபோது எனக்குப் பாவமாக இல்லை. அனுபவிக்கட்டும் என்றுதான் இருந்தது.

மதுரையில் கட்டியை வெட்டியெடுத்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இது சதையில வர்ற புத்தும்மா. திரும்ப வந்தா பெரும்பாலும் நெஞ்சுக்குத்தான் போகும். தலைக்குப் போறது அபூர்வம். ஆனா தலைவலி, வாந்தி, குணம் மாறுறது, எது தெரிஞ்சாலும் உடனே கூட்டிட்டு வாங்க."

குணம் மாறினால் கோயிலுக்குப் பொங்கல் வைப்பேன் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். வீடு வந்த அன்றைக்கே வெந்நீர் ஆறிவிட்டதென்று சொம்பை என்மேல் வீசினார். தலைக்குப் போகவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

நான்கு நாளைக்கு முன்னால், "நீ சாப்டியா?" என்று கேட்டார். என்னைத்தான். அவர் தம்பி சோலைமுத்துவிடம் ஓடினேன்.

"அண்ணன் திருந்திட்டாரு. அதுக்குமா ஆஸ்பத்திரி, மதினி?" என்று சிரித்தான்.

இன்று மத்தியானம் குழம்பில் வேண்டுமென்றே இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டேன். ஒரு வசவு வந்தால் போதும், நிம்மதியாகத் தூங்கிவிடுவேன்.

அவர் பிசைந்து, மென்று, விழுங்கினார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு, அய்யம்மா. நீயும் உக்காரு."

என் பேர் அவர் வாயில் வந்தது இன்றுதான். தட்டைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தேன்.

"வையி. என்னைய வையிய்யா."

பழைய கறைகளின் மேல் குழம்பு வழிந்தது. அவர் வெட்டுப்பட்ட காலை நீட்டிவைத்துக் குனிந்து, சிதறிய சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கத் தொடங்கினார்.

"செத்த தள்ளி நில்லு. வழுக்கிரும்," என்றார்.