சனிக்கிழமையின் கடல்

நீலாக்கா எப்போதும் போல எதிர் நாற்காலியில் உட்காரவில்லை. மேசையைச் சுற்றி என் பக்கம் வந்து நின்று திரையைப் பார்த்தாள். "அவுரு நேத்து சாயங்காலம் பாத்தத எடு அண்ணாச்சி."

திருவொற்றியூரில் மளிகைக் கடை வைக்காத திருநெல்வேலிக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஜெராக்ஸ், இன்டர்நெட். வயது முப்பத்தொன்று, இருந்தும் அண்ணாச்சி. மணி பகல் ஒன்று. அவள் புருஷன் ராமதாஸ், ஆள் கிடைக்காமல், விடியுமுன் தனியாக ஃபைபர் படகில் போனவர். பத்து மணிக்குக் கரையில் இருந்திருக்க வேண்டும்.

தேடப் போக மூன்று படகுகளோடு அவள் தம்பி எழிலன் கரையில் நின்றான். எந்தப் பக்கம் போவது என்பதுதான் கேள்வி. மீன் விழும் இடத்தை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பெண்டாட்டியிடம்கூட. சொன்னால் மறுநாள் அங்கே மீனைவிடப் படகு அதிகமாக இருக்கும். ராமதாஸின் ரகசியம் தெரிந்த ஒரே ஜீவன் என் பிரிண்டர். எந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில், எத்தனை தூரத்தில் மீன் இருக்கும், காற்று எப்படி என்று தினமும் ஒரு இணையப் பக்கத்தில் போடுவார்கள். அதைத் தாளில் வாங்கிப் போவார். ஃபோன் தண்ணீரில் விழுந்தால் மூழ்கும், பேப்பர் மிதக்கும் என்பது அவர் கொள்கை. தாளில் போட்ட இடத்தைத் தாண்டி வேறெங்கும் போகமாட்டார்.

பழைய தேடல்களைத் திறந்து 'கடல்' என்று போட்டேன். முதலில் வந்தது, 'கடல் பயணத்தில் வாந்தி வராமல் இருக்க என்ன செய்யலாம்'. நான் தேடியது. நீலாக்கா அதையும் படித்தாள். 'மீன்' என்று போட்டேன். என் குழம்பு ஆராய்ச்சிகளுக்கு நடுவே அந்தப் பக்கம் நாற்பது தடவை, எல்லாம் ஒரே தலைப்பில். கண்டெய்னர் லாரிகள் அடிக்கடி கேபிளை அறுத்துவிடுவதால், நெட் இருக்கும்போது அதைச் சேமித்து வைப்பது என் வழக்கம். சேமித்தவற்றில் 'திருவொற்றியூர்' என்று தேடினேன். வரிசையாக வந்தன. கடைசி மூன்று நாள் தேதிகளில் மட்டும் ஒன்றுமில்லை.

நேற்று மாலை ஆறு பத்துக்கு நான் திறந்தது எது என்று பார்த்தேன். சனிக்கிழமை சேமித்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. நேற்று செவ்வாய், ஞாயிறிலிருந்தே நெட் இல்லை. இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, இருந்ததை அச்செடுத்துக் கொடுத்தேன். மூன்று நாளில் கடல் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன்.

இப்போது நெட் இருந்தது. நேற்றைய பக்கத்தைத் திறந்தேன். தென்கிழக்கு, பன்னிரண்டு கிலோமீட்டர். அடியில் சிவப்பில் ஒரு வரி. சனிக்கிழமைத் தாளிலோ வடகிழக்கு, இருபத்தாறு, சிவப்பு எதுவுமில்லை.

நீலாக்காவின் ஃபோனில் எழிலன் கத்தினான். "டீசல் ஒரு பக்கத்துக்குத்தான் கீது அண்ணாச்சி. எந்தப் பக்கம்?"

நேற்றைய பக்கத்தை வாசித்துவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. ராமதாஸ் திரும்பி வந்தால்தானே சொல்வார். இந்த நினைப்பு வேறு யாருக்கும் வரவில்லை, எனக்குத்தான் வந்தது. எழுதவே கை கூசுகிறது.

"வடகிழக்கு," என்றேன். "எண்ணூர் தாண்டி, இருபத்தாறு கிலோமீட்டர்." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "நேத்து நெட் இல்லக்கா. சனிக்கிழமையோடதக் குடுத்துட்டேன். அவர் கேக்கல. நானும் சொல்லல."

ஃபோனில் எழிலன் என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னான். இன்ஜின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. பாதியே போதுமானதாக இருந்தது. பிறகு இன்ஜின்கள் மட்டும் கேட்டன, அதுவும் தேய்ந்தது.

நீலாக்கா திரையில் விரலை வைத்தாள். மீன் செதில் ஒன்று நகத்தோரம் ஒட்டியிருந்தது. "செவப்புல இன்னா போட்டுக்கீது?"

"இன்னிக்கி மத்தியானத்துக்கு மேல பலத்த காத்து. கடலுக்குப் போக வேணாம்னு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

"இப்ப காத்து இன்னா சொல்லுது, பாரு," என்றாள். "இன்னிக்கித பாரு."

அழுத்தினேன். வெளியே ஒரு ட்ரெய்லர் போனது. மேசையும் திரையும் அதிர்ந்தன. வெள்ளைப் பக்கத்தின் நடுவே சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.