இறால் வாளி

வயலில் புதிதாகப் போட்ட போர்க்குழாயில் தண்ணீர் வந்தபோது என் மாமியார் முனியம்மாள் கடல்நீர் ஏறும் உப்பேரியில் கழுத்தளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தாள். சேதி கேட்டதும் இறால் போடும் பறியைப் பல்லில் கடித்தபடியே வயலுக்கு ஓடி வந்தாள். பின்னால், அவளோடு இறால் தடவும் தேவி. அவளுக்குப் பின்னால் பாதி ஊர்.

போன முறை அறுபது அடி இறக்கினோம். அந்தத் தண்ணீர் பாய்ந்து வேர்க்கடலை இலையெல்லாம் ஓரம் கருகியது. மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்தது. இந்த முறை இருபது அடியோடு நிறுத்தச் சொன்னேன். இங்கே மணலில் மழைநீர் மேலே நிற்கும், உப்புநீர் கீழே கிடக்கும். இதுவும் உப்பென்றால் நிலத்தை இறால் பண்ணைக்காரனுக்கு விட்டுவிடுவதாக அத்தை சொல்லியிருந்தாள். பூவிழிக்கென்று வைத்த நிலம். பூவிழி என் மனைவி. போன ஐப்பசியில் இறந்துபோனாள்.

அத்தை பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, குழாயில் கையேந்திக் குடித்தாள்.

"அய்ய, எளநீரு மாரி கீது!"

தேவியும் குடித்தாள். "சக்கரத் தண்ணிக்கா!"

போர் போட்ட கண்ணப்பன் சிரித்தார். "காலைலேர்ந்து ஏரிய வாயில வச்சிருந்தவங்களுக்கு எது குடிச்சாலும் எளநீருதான்."

"நீ குடிச்சிச் சொல்லேன்."

"நான் வெத்தல போட்டுக்கீறேன்."

"அப்ப வாய மூடு."

நான் பக்கத்தில் கிடந்த வாளியில் தண்ணீர் பிடித்தேன். கலங்கலாக இருந்தது. உப்பு அளக்கும் கருவியை விட்டேன். எண் ஏறிக்கொண்டே போய் நாலரையில் நின்றது.

"உப்பு அத்தே. பயிருக்கு ஆவாது."

அத்தை கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு நாக்கு எங்க கீது மாப்ள?"

"நுனில."

"நுனி நாக்குல சொல்றதெல்லாம் நம்பாத. டீ போடு தேவி. உப்புத் தண்ணின்னா பாலு திரிஞ்சிரும்."

போர் ஆட்களுக்காக மூட்டிய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குழாய்த் தண்ணீரும் பாலும் ஏறின. எல்லாத் தலைகளும் பானைமேல் கவிந்தன.

"திரியுது! திரியுது!" என்றார் கண்ணப்பன்.

"யோவ், அது நுர!"

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. திரியவில்லை. அத்தை கை தட்டினாள். எனக்குப் புரியவில்லை. மறுபடி அளக்க வாளியில் கையை விட்டேன். ஏதோ என் விரலில் மோதி, துள்ளி, கண்ணப்பனின் சட்டைப் பைக்குள் விழுந்தது.

இறால்.

"எம் பக்கெட்டு!" என்று தேவி கத்தினாள். "காலைலேர்ந்து தேடறேன்! அடில ஏரித் தண்ணி இருந்திச்சே, கொட்டலியா தம்பி?"

கொட்டவில்லை. பார்க்கவே இல்லை.

டம்ளரைக் கழுவி, குழாயடியில் பிடித்து அளந்தேன். ஒன்றுக்கும் கீழே. நல்ல தண்ணீர்.

"இன்னா சொல்லுது நுனி நாக்கு?"

"எளநீருன்னு சொல்லுது அத்தே."

அத்தை புடவையோடு வாய்க்காலில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே என் போனை வாங்கிப் பண்ணைக்காரனைக் கூப்பிட்டாள். "நெலம் இல்ல, போ! வேர்க்கல்ல போடறோம்!"

கண்ணப்பன் பையை உதறினார். இறால் வாய்க்காலில் விழுந்து நீந்தியது. நல்ல தண்ணீரில் அது வெகுநேரம் தாங்காது. கையில் அள்ளிக்கொண்டு ஏரிப்பக்கம் ஓடினேன்.

"தம்பி, அது எங் கொழம்புக்கு!" தேவி துரத்தினாள்.

"உடாத தேவி! புடி எம் மாப்ளய!"

பாதி வழியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குமேல் நேராக ஓட முடியவில்லை.