கன்று இல்லாத காடு

பேராசிரியைக்குக் காட்டின் மீது காதலெல்லாம் கிடையாது. அட்டைக்கடி, முழங்கால் வலி, முதுகோடு ஒட்டும் சட்டை என்று கேட்டால் புகார்ப் பட்டியலையே நீட்டுவார். ஆனாலும் இருபத்தாறு வருடங்களாக, மழை ஓய்ந்த மறுவாரம் அந்த மலைச்சரிவுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஒரு ஹெக்டேரைக் கயிறு கட்டிப் பிரித்து, அறுநூற்றுச் சொச்சம் மரங்களுக்கு எண் பொறித்த தகடு அடித்திருந்தார். ஒவ்வொன்றின் சுற்றளவையும் நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டும். நாடா பிடிப்பவர், பல்கலைக்கழகத்தில் அவருடைய துறையின் கள உதவியாளர். ஆறடி மூன்றங்குலம், அதனால் எல்லாருக்கும் அவர் 'ஏணி'.

ஏணிக்கு வாய் ஓயாது. "மேடம், இந்த முன்னூத்தி ஏழாம் நம்பர் மரம் ஒரு வருஷத்துல ரெண்டு மில்லிமீட்டர்தான் பெருத்திருக்கு. நான் அஞ்சு கிலோ. யாருக்கு மண்ணு நல்லா பிடிச்சிருக்குன்னு எழுதுங்க."

பெரிய மரங்களுக்குக் குறைவில்லை. குனிந்து தேடினால்தான் குறை தெரிந்தது. முட்டியளவுக் கன்றுகள் வருடா வருடம் அருகி, கடைசி நாலு வருடங்களில் ஒன்றுகூட அகப்படவில்லை. விதை பரப்பும் பெரிய பறவைகள் போய்விட்டன, அதுதான் காரணம் என்று பேராசிரியை நினைத்தார். 'இந்தக் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றலை இழந்துவிட்டது' என்று தன் ஆய்வுக் கட்டுரையை முடித்தார். படிக்கிறவர் எவராவது பதறியடித்து ஓடி வருவார் என்று நம்பி எழுதிய வரி அது.

ஓடி வந்தவன் அவருடைய பழைய மாணவன். இப்போது ஒரு காகித ஆலைக்கு ஆலோசகன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். ஆலைக்குக் காகிதக் கூழ்மரம் வளர்க்க அந்தச் சரிவு வேண்டும். சீரழிந்த காடென்று நிரூபித்தால்தான் வெட்ட அனுமதி கிடைக்கும். அவன் வைத்திருந்த நிரூபணம் அவருடைய கட்டுரை.

"நீங்க எழுதினதைத்தான் போட்டிருக்கேன் மேடம். ஒரு வார்த்தை மாத்தல."

"காப்பாத்தணும்னு எழுதினேன்பா."

"அது கட்டுரையில இல்லையே. முடிவுரையில ஆசைய எழுதாதே, கண்டதை எழுதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

அறைந்திருக்கலாம். ஆனால் அவன் சொன்னது அத்தனையும் உண்மை.

வெட்ட அனுமதி தரும் குழுவின் விசாரணை நாளன்று, காரில் போகும்போது ஏணி மெல்ல ஆரம்பித்தார். "கன்னு எண்ணினது நான்தானே மேடம். கண்ணு மங்கிடுச்சு, தப்பா எண்ணிட்டேன்னு சொல்லிடறேன். வேலை போனா போகுது."

"வாயைத் திறக்கக்கூடாது நீங்க."

குழுவின் முன் பேராசிரியை நாற்பது நிமிடம் பேசினார். பத்து வருடம் கொடுங்கள், கையால் விதைத்துப் பார்க்கிறோம் என்று மன்றாடினார். குழுத் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, இந்தக் கட்டுரை உங்களோடதுதானே?"

"ஆமா."

"எண்ணிக்கையில ஏதாவது பிழை இருக்கா?"

கடைசி வரிசையில் ஏணி பாதி எழுந்துவிட்டார். பேராசிரியை திரும்பிப் பார்க்கவில்லை.

"பிழை இல்லை" என்றார்.

வீட்டில் அக்கா பொரிந்து தள்ளினாள். "ஒரு பொய் சொல்லியிருந்தா குடியா முழுகிப் போயிருக்கும்?"

"இருபத்தாறு வருஷமும் பொய்யாயிருக்கும்க்கா."

"இப்ப மட்டும் என்னடி மிச்சம்?"

அனுமதி கிடைத்த பதினொரு நாளில் சரிவு மொட்டையானது. அடுத்த ஒரு மாதமும் விட்டுவிட்டு மழை. கடைசி அளவு எடுக்கவென்று இருவரும் போனார்கள். வெட்டுண்ட அடிமரங்களுக்கு நடுவே வெயில் சுள்ளென்று விழுந்தது. வழி நெடுக ஏணி உதிர்ந்து கிடந்த எண் தகடுகளைப் பொறுக்கிக்கொண்டே வந்தார். திடீரென்று மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், இங்க பாருங்க."

விரல் நீளத்தில் முளைகள். களை என்றுதான் பேராசிரியை முதலில் நினைத்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். நரம்பின் ஓட்டம், அடிப்புறத்து வெள்ளைப் பூச்சு. சந்தேகமே இல்லை, அந்தப் பெரிய மரங்களின் பிள்ளைகள்தான். ஒரு சதுர மீட்டருக்குள் முப்பத்தொன்று இருந்தன.

விதைகள் சாகவில்லை. வருடா வருடம் அடர்ந்துவந்த தாய்மரங்களின் நிழலில், மண்ணுக்குள், வெளிச்சத்துக்காகக் கிடந்திருக்கின்றன. ஒரு கை மண்ணை அள்ளி, வெயிலில் வைத்துத் தண்ணீர் தெளித்திருந்தால் தெரிந்திருக்கும். இருபத்தாறு வருடத்தில் அதை அவர் ஒருமுறையும் செய்யவில்லை. எண்ணிக்கை சரி. அந்தக் கடைசி வரிதான் பிழை. அதைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை.

அங்கிருந்தே மாணவனைப் போனில் அழைத்தார். "கன்னு வந்திருக்குப்பா. ஆயிரக்கணக்குல. நான் எழுதினது தப்பு."

"திங்கக்கிழமை உழறாங்க மேடம்" என்றான். அவன் குரலும் நன்றாக இல்லை.

"எத்தனைய பிடுங்கிட்டுப் போறது மேடம்?" ஏணி கேட்டார். சட்டையைக் கழற்றி விரித்து, ஈர மண்ணோடு அள்ளிக் கட்டினார். நூற்றுநாற்பது தேறின. துறைக் கட்டடத்தின் பின்புறம் நட்டதில் ஒரு வாரத்துக்குமேல் ஒன்றும் நிற்கவில்லை.

பேராசிரியை அனுப்பிய திருத்தம் எட்டு மாதம் கழித்து, கட்டுரை வந்த ஆய்விதழின் கடைசிப் பக்கத்தில் அரைப் பத்தியாக வந்தது. சரிவில் அதற்குள் கூழ்மரம் இடுப்பளவு வளர்ந்திருந்தது. ஏணியைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நடைவழியில் எதிர்ப்பட்டால் இருவரும் உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பேராசிரியை வகுப்புக்குப் போய், காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்வது பற்றிய பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார். யாராவது கை தூக்கினால், நேரமாகிவிட்டது என்று சொல்லி வெளியே வந்துவிடுவார்.