ஜன்னலுக்குத் திரும்பிய கேமரா

1961 அக்டோபர் 14, சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றிலிருந்து ஒரு நாடகம் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. கதாநாயகி ஜுரேமா கறுப்பினத்தவர். ஆறாண்டுகள் தட்டேந்தும் பணிப்பெண்ணாகவே நடித்தவருக்கு அன்றுதான் ஆசிரியை வேடம். கதாநாயகன் டேலியோ வெள்ளையர். இயக்குநர் அமில்காரின் அருகமர்ந்து, கேமரா மாறவேண்டிய இடங்களை அறிவிப்பது என் பணி.

நாடகம் முத்தத்தில் முடிவதாக எழுதப்பட்டிருந்தது. விளம்பரம் தரும் சோப்பு நிறுவனம் அதற்கு உடன்படவில்லை. ஆகவே, இருவரும் நெருங்கியதும், ஜன்னலை நோக்கி நிற்கும் இரண்டாம் கேமராவுக்கு மாறுவதென அமில்கார் ஏற்பாடு செய்தார். ஒத்திகையில்தான் ஜுரேமாவுக்கு அது தெரியவந்தது.

"போன மாச நாடகத்துல டேலியோ அந்தப் பொன்முடிக்காரிக்கு முத்தம் குடுத்தப்பவும் கேமரா ஜன்னலத்தான் பாத்துச்சா, ஐயா?"

அமில்கார் நிமிரவில்லை. "இந்த வேஷம் கெடச்சதே பெருசும்மா. மறுபடி தட்டு ஏந்தணுமா?"

ஜுரேமா தம் இடத்துக்குத் திரும்பி ஒத்திகையைத் தொடர்ந்தார்.

ஒளிபரப்பிலிருக்கும் கேமராவின் தலையில் சிவப்பு விளக்கு எரியும். எந்தக் கேமரா தம்மைப் பார்க்கிறது என்று நடிகர்கள் அதைக் கொண்டே அறிவர். குறித்த இடத்தில் நான் "ரெண்டு" என்றேன். அமில்கார் கேமரா மாற்றும் விசையை அழுத்தினார். திரையில் வெறும் ஜன்னல் தெரிந்தது. ஜுரேமா சிவப்பு விளக்கைப் பார்த்தார். டேலியோவை விட்டு விலகி நடந்து, அந்த ஜன்னலின் முன் வந்து நின்றார்.

"ஒண்ணுக்கு மாத்திடறேன்," என்றார் அமில்கார்.

ஒன்றாம் கேமராவோ, வேலை முடிந்ததென்று, வழக்கப்படி, அடுத்து வரும் சோப்பு விளம்பரத்துக்கான மேசைக்கு உருட்டிச் செல்லப்பட்டிருந்தது.

"அங்க சோப்புதான் இருக்கு, ஐயா. அறிவிப்பாளர் இன்னும் வரல," என்றேன்.

ஜன்னலருகே ஜுரேமா தனியே நின்றார். டேலியோ வராவிட்டால், அவர் நகரத்தின் கண்முன் வேண்டப்படாதவராக நிற்க நேரும். எழுதப்பட்ட வசனம் தீர்ந்துவிட்டது.

"நான் இங்கதான் நிக்கிறேன்," என்றார் ஜுரேமா. அவ்வரி பிரதியில் இல்லை.

டேலியோ வந்தார். குனிந்து, அவசரமின்றி, முத்தமிட்டார். அமில்காரின் கை விசையின்மீதே இருந்தது, அழுத்தவில்லை.

நாடகம் முடியுமுன்பே நிலையத்தின் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கின.

திங்கட்கிழமை நிர்வாகம் கூடி முடிவெடுத்தது. டேலியோவுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அமில்கார் பதவியில் தொடர்ந்தார். ஜுரேமாவின் ஒப்பந்தம் அம்மாத இறுதியுடன் முடிக்கப்பட்டது. அதுமுதல், இரு நிறத்தவர் முத்தமிடும் காட்சி எந்த நாடகத்திலும் எழுதப்படலாகாது என்றும், விளம்பரம் தொடங்கும்வரை ஒன்றாம் கேமரா தன் இடத்தைவிட்டு நகரலாகாது என்றும் விதிக்கப்பட்டது.