பெற்றது ஒன்பது, இருப்பது இரண்டு

கணினித் திரையில் பழைய பதிவேட்டுப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எக்ஸில்டா மொரென் என்ற பெயருக்கு நேரே இரண்டு எண்கள் தெரிந்தன. ஒன்பது. அடுத்த கட்டத்தில் இரண்டு. ஜோசலின் முதலில் ஏதோ வாடகைக் கணக்கு என்றுதான் நினைத்தாள். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவனின் சாய்ந்த கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தின் உச்சிவரை போய்த் தலைப்பைப் படித்தாள். எத்தனை பிள்ளைகளுக்குத் தாய். அவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர் எத்தனை. 1910ஆம் வருடம் ஏப்ரல் மாதத்தில் ஒருவன் இதே வீட்டு வாசலில் நின்று அதைக் கேட்டிருக்கிறான். அவளும் சொல்லியிருக்கிறாள். எக்ஸில்டாவுக்கு அப்போது வயது முப்பத்தாறு.

ஜோசலினுக்கு முப்பத்து நான்கு. வயிற்றில் ஐந்தாம் மாதம். இந்த வீட்டுக்கு வந்த நான்கு வருடத்தில் இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. இந்த முறை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பல் மருத்துவமனை வேலைக்கு விடுப்பு, மாடிப்படி ஒரு நாளைக்கு ஒரு தடவை, தண்ணீர் நிறைய. சும்மா உட்கார முடியாமல்தான் அவள் இதில் இறங்கினாள். நூறு வயது தாண்டிய வீட்டுக்கு, கட்டியவர் பெயரும் வருடமும் பொறித்த மரப்பலகை ஒன்றை ஊர் வரலாற்றுக் குழு தரும். யார் யார் குடியிருந்தார்கள் என்று பட்டியல் கொடுக்க வேண்டும். கணவன் டேரனுக்கு அந்தப் பலகை மேல் ஒரு கண்.

அவள் 1900க்குப் போனாள். அப்போது வேறு குடும்பம். ரோஸன்னா பூஷார், வயது நாற்பத்தொன்று. ஏழு. ஒன்று. 1920 முதல் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டிருந்தார்கள், ஆனால் அதற்குள் அவளுக்கு அந்தக் கேள்வி இல்லாமலே படிக்கப் பழகியிருந்தது. 1930இல் இருந்தவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம், வீட்டில் அவர்கள் இருவரும் ஒரு வாடகை ஆளும் மட்டும். 1940இல் வேறு ஆட்கள், 1950இல் வேறு ஆட்கள். பத்து வருடத்துக்கு ஒரு முறை ஒருவன் கதவைத் தட்டினான். ஒவ்வொரு முறையும் புது முகம் ஒன்று திறந்தது. ஒரு குடும்பமும் அடுத்த தட்டலுக்குக் காத்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் லோரெய்ன் மாவுக்குள் பன்றிக்கறி அடைத்துப் 'பை' என்ற பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். மேசையில் கிடந்த அச்சுப் பிரதிகளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள்.

"அந்தக் காலத்துல எந்த வீட்லதான் சாவு இல்ல? புள்ளத்தாச்சி படிக்கிற விஷயமா இது?"

"ஒம்பதுல ஏழு போயிருக்கு."

"பஞ்சாலைக்குப் போனா போகத்தான் செய்யும். பன்னெண்டு மணி நேரம் தறி முன்னாடி நின்னா எந்த வயிறு தாங்கும்?" லோரெய்ன் கத்தியைச் சூடான மாவுக்குள் இறக்கினாள். "நீயும்தான். ரெண்டு தடவையும் வேலைக்குப் போகாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?"

டேரன் தட்டைப் பார்த்தபடி, "அம்மா, விடேன்" என்றான். இன்னொரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டான். அவனும் அப்படித்தான் நினைக்கிறானோ என்ற சந்தேகம் ஜோசலினுக்கு முதல் முறையாக வந்தது. எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

மாமியார் போனபின் மறுபடியும் காகிதங்களை எடுத்தாள். தொழில் என்ற கட்டத்தில் எக்ஸில்டாவுக்கு எதிரே 'இல்லை' என்றிருந்தது. ரோஸன்னாவுக்கும் இல்லை. இருவரும் வீட்டில் இருந்த பெண்கள். கணவர்களில் ஒருவன் மேஸ்திரி, ஒருவன் கடைக்காரன். ஆலைக்குப் போன பெண்கள் எதிர்வரிசையில் இருந்தார்கள், ஆலை கட்டிக் கொடுத்த மூன்றடுக்குக் குடியிருப்பில், ஒரு தளத்துக்கு இரண்டு குடும்பமாக. நூற்பு, தறி, நூற்பு என்று அவர்கள் வரிசை. அவர்களுடைய எண்களையும் பார்த்தாள். ஆறு, ஐந்து. எட்டு, ஆறு. நான்கு, நான்கு. பிறகு தன் பக்க வரிசைக்கு வந்தாள். பத்தாம் எண் வீடு: ஐந்து, ஒன்று. பன்னிரண்டு, தன் வீடு. பதினான்கு: எட்டு, மூன்று. இருபதாம் எண் வீட்டில் ஆறு என்று எழுதி, அடுத்த கட்டத்தில் பூஜ்யமாக ஒரு வட்டம் போட்டிருந்தான். அந்த வட்டத்தில் மட்டும் மை கொஞ்சம் ஊறியிருந்தது.

வசதியாக இருந்தவர்களின் பிள்ளைகள் செத்திருக்கின்றன. தெரு நடுவில் கோடு கிழித்தாற்போல் இருந்தது.

பதினான்காம் எண் வீட்டில் பிறந்து அங்கேயே எண்பது வயதான நார்மண்டிடம் மறுநாள் காலையில் போனாள். அவர் வெயிலில் நாற்காலி போட்டுப் பனியை அள்ளும் மண்வாரியின் கைப்பிடிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"எங்க பாட்டிதான். எட்டுல மூணு. அந்த மூணுல ஒண்ணு எங்கப்பன். அவன் தப்பிச்சதாலதான் நான் இங்க உக்காந்து உன் கழுத்தை அறுக்கறேன்."

"எதிர்ப்பக்கத்துல இந்த மாதிரி இல்லையே. ஏன்?"

"எதிர்ப்பக்கமா? பாவம், அவங்களுக்கு வீட்டுக்குள்ள தண்ணிகூடக் கிடையாது. முத்தத்துல ஒரு கிணறு, பனியில வாளியைத் தூக்கிட்டு நடக்கணும். நம்ம வரிசைக்குத்தான் முதல்ல வீட்டுக்குள்ள குழாய் வந்தது. தாத்தாவுக்கு அதுல என்ன பெருமைங்கற. விருந்தாளி வந்தா முதல்ல குழாயைத் திறந்து காட்டுவாராம்." சிரித்துக்கொண்டே சொன்னவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "என்னம்மா, உக்காரு. ஏன் இப்படி வெளுத்துப் போற?"

அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவர எழுந்தார். அவள் வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாலையில், தண்ணீர் வரும் குழாயில்தான் கோளாறு என்று அவள் சொன்னதை டேரன் நம்பவில்லை. "சமையலறைக் குழாய் பூரா நான்தான மாத்தினேன்? எல்லாம் புதுச் செம்பு."

"நிலவறைக்குள்ள எதோட சேத்த?"

அவன் விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினான். அவளும் கைப்பிடியைப் பற்றிப் படியிறங்கினாள். தெருப்பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு சாம்பல் நிறக் குழாய் வந்தது, நடுவில் ஓரிடத்தில் பாம்பு இரை விழுங்கியதுபோல் புடைத்து. டேரன் சாவியால் அதைச் சுரண்டினான். இரும்பு அப்படிச் சுரண்டாது. வெண்ணெயில் இழுத்ததுபோல் கோடு விழுந்து, உள்ளே வெள்ளிபோல் மின்னியது. காரீயம், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும் நஞ்சு. அவன் விரலை அந்தக் கோட்டின் மேல் வைத்தான்.

"ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் குடிச்ச?" என்று கேட்டான். குரல் அவனுடையதாகவே இல்லை.

"டாக்டர் சொன்னதைவிட அதிகமா."

இரத்தப் பரிசோதனை முடிவு வியாழக்கிழமை வந்தது. இருக்கக்கூடாத அளவு. டாக்டர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். குழந்தையின் நாடித்துடிப்பு நன்றாக இருக்கிறது. குழாய்த் தண்ணீரைத் தொடாதீர்கள், கொதிக்க வைத்தாலும் போகாது. ஆனால் காரீயம் எலும்பில் போய்த் தங்கும், குழந்தைக்கு எலும்பு வளரும்போது தாயின் எலும்பிலிருந்து இறங்கும், நான்கு வருடம் குடித்தது உள்ளே இருக்கிறது, பார்ப்போம். அந்தப் 'பார்ப்போம்' என்ற சொல் அவளோடு காரில் வந்தது, சமையலறைக்கு வந்தது. மாமியாரிடம் தொலைபேசியில் சொன்னாள். லோரெய்ன், "தண்ணிப் புட்டி எத்தனை பெட்டி வேணும், சொல்லு" என்று மட்டும் கேட்டாள்.

நிலவறையில் கண்ட அன்றே நார்மண்டுக்குச் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜோசலின் 1910ஆம் வருடப் பக்கத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு தன் வரிசையில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். பத்தில் ஆள் இல்லை. பதினாறில் ஒரு கிழவர் கதவுச் சங்கிலியை எடுக்காமலே கேட்டுவிட்டுச் சாத்தினார். பதினெட்டில் சொல்லிவிட்டு இருபதுக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. இளம்பெண் ஒருத்தி தோளில் குழந்தையோடு திறந்தாள். தூக்கமில்லாத கண்கள். இலையுதிர்காலத்தில் குடிவந்தவர்கள்.

"வாங்க வாங்க, பன்னெண்டாம் நம்பர்தான நீங்க? எத்தனை மாசம்? இவனைக் கொஞ்சம் பிடிங்களேன், பசியில கத்தறான். பால்மாவு கலக்கணும்."

குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். பையன் கனமாக, வெதுவெதுப்பாக இருந்தான். அழுகையை நிறுத்தி ஜோசலினின் முகத்தைப் பார்த்தான். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"தண்ணிய நிறுத்துங்க" என்றாள் ஜோசலின்.

"என்ன?" என்றாள் அவள் உள்ளிருந்து, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாக. "இருங்க, காது கேக்கல."

பையன் கையை நீட்டி மடித்த காகிதத்தின் ஓரத்தைப் பிடித்தான். இழுத்து, இரு கைகளாலும் கசக்கி, வாய்க்குக் கொண்டுபோனான்.